ரவுடிகளின் மூச்சு

புழுவைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது. ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் புழுக்காரி என்றே பெயர். வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அதுவும் முகத்துக்கு நேரேயே. அவளுக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது. "மாட்டுக்காரன்னா மதிக்கிறாங்க, பாம்புக்காரன்னா பயப்படுறாங்க, புழுக்காரின்னா மட்டும் மூக்கப் பொத்திக்கிறாங்க. என் புழு இவங்கள என்ன பண்ணுச்சு?" என்று கேட்பாள்.

வீட்டில்தான் கொஞ்சம் பாடு. அவள் கணவர் தங்கமான மனுஷர், எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார், ஆனால் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவார். "சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மட்டும் புழு வேணாம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்." அவளும் வாயை மூடிக்கொள்வாள், அவர் கை கழுவிவிட்டு வரும்வரை.

அப்படி என்னதான் சொல்கிறாள்? எலியின் குடலில் ஒரு புழு குடியிருக்கிறது. சிவப்பு நூலைச் சுருட்டி வைத்தாற்போல் இருக்கும். அன்னியமான எதுவும் உள்ளே வந்தால் விரட்டி அடிப்பதுதான் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு வேலை. அப்படியிருக்க, விரல் நகம் அளவு நீளமுள்ள ஒரு புழு மாதக்கணக்கில் ராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கிறதே, எப்படி? அது சண்டை போடுவதில்லை என்பதுதான் புழுக்காரியின் கட்சி. நல்ல குடித்தனக்காரர் வீட்டுக்காரரிடம் நயமாகப் பேசிக் காலம் தள்ளுவதுபோல, அதுவும் தன் உடம்பிலிருந்து எதையோ கசியவிட்டு எதிர்ப்புச் சக்தியைச் சமாதானப்படுத்தி வைக்கிறது. அந்தச் சமாதானம் குடலோடு நிற்பதில்லை, நெஞ்சு வரைக்கும் பரவுகிறது. அதனால்தான் புழு இருக்கிற எலிக்குத் தூசி பட்டாலும் மூச்சு இழுப்பு வருவதில்லை. இதை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அவள் பாதி ஆயுளைக் கொடுத்திருந்தாள்.

இதை எதிர்த்து வாதாட வெளியிலிருந்து ஆள் வரவேண்டிய அவசியமே இல்லை. சொந்த நாத்தனாரே போதும். கணவரின் தங்கையான அவளும் அதே ஆய்வகத்தில்தான் வேலை பார்த்தாள். சொல்லப்போனால், பக்கத்து மேசையில் சிநேகிதியாக இருந்த புழுக்காரியை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் அண்ணனுக்குக் கட்டிவைத்ததே அவள்தான். அவளுடைய படிப்பெல்லாம் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றியது.

"உங்க புழு சும்மா சாஞ்சு உக்காந்திருக்கு அண்ணி. வேலையெல்லாம் என் பாக்டீரியா பாக்குது. புழு வந்தா குடல்ல பாக்டீரியா மாறுது, பாக்டீரியா மாறினா உடம்பு அடங்குது. பேர் மட்டும் உங்க புழுவுக்கு."

"அடிப்போடி. மாலைய எம்புழு கழுத்துல போட வந்தா நடுவுல கழுத்த நீட்டுறியா?"

பேருந்திலும் இதே பேச்சுதான். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து பின்னால் போய்விடுவார்கள்.

ஆனால் இந்த முறை விளையாட்டில்லை. எலி அறையை எலும்பு ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்டிருந்தார்கள். இயக்குநரும் எத்தனை காலத்துக்குத்தான் தள்ளிப்போடுவார்? "வெள்ளிக்கிழமை உங்க சோதனை முடியுது. ஏதாவது காட்டினீங்கன்னா அறை உங்களுக்கு. இல்லன்னா திங்கக்கிழமை காலைல காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். மேசை நாற்காலியைக் காலி செய்வது போலவா இது? அந்தப் புழு எலியின் வயிற்றில்தான் வாழும். எலியில்லாவிட்டால் புழு இல்லை. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே ஒரு எலியிலிருந்து இன்னொரு எலிக்கு என்று விட்டுப்போகாமல் வந்த வம்சம் அது. திங்கட்கிழமையோடு அந்த வம்சமும் முடிந்துவிடும். அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் பதில் இல்லாமலே செத்துப்போகும்.

சோதனை என்னவோ சுலபமானதுதான். எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். முதல் கூட்டத்துக்கு மூக்கில் தூசி மட்டும். இரண்டாவதுக்குப் புழுவும் உண்டு, தூசியும் உண்டு. மூன்றாவதுக்கு வெறும் உப்புத்தண்ணீர். கடைசியில் நெஞ்சைக் கழுவிய நீரைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயம் போட்டால், ஒவ்வாமையில் கொதித்துக் கிளம்பிய செல்கள் செக்கச்செவேல் என்று தெரியும். முதல் கூட்டத்தில் சிவப்பு கொட்டிக்கிடக்க வேண்டும். இரண்டாவதில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை புழுக்காரி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். முதல் கூட்டத்தின் முதல் தகடு. சிவப்பைத் தேடினாள். ஒன்றிரண்டு தென்பட்டன, அவ்வளவே. அடுத்ததை எடுத்தாள், அதிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அதே கதை. கை வேகமானது, தகடுகளை மாற்றி மாற்றி வைத்தாள், விளக்கைக் கூட்டினாள், கண்ணாடியைத் துடைத்தாள். தூசி மட்டும் கொடுத்த எலிகளின் நெஞ்சும் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. இரண்டாவது கூட்டமும் சுத்தம், மூன்றாவதும் சுத்தம்.

"என்ன அண்ணி, பேச்சையே காணோம்?"

"எல்லாமே நல்லா இருக்குடி."

"நல்லா இருந்தா நல்லதுதானே?"

"அறிவு கெட்டவளே, எல்லாமே நல்லா இருந்தா புழு எதக் குணப்படுத்துச்சுன்னு சொல்றது?"

இயக்குநர் வந்து பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டு அதையே ஊரெல்லாம் தேடுகிற ரகம். தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "தூசி செத்துப்போச்சும்மா. பழைய சரக்கு, வீரியம் போயிருக்கும். அதான் எந்த எலிக்கும் இழுப்பு வரல. சோதனை நடக்கவே இல்லன்னுதான் அர்த்தம். திங்கக்கிழமை... நான் என்னம்மா செய்ய முடியும்?"

அவள் தலையில் கல்லைப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

புழுக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் நாத்தனாரும் சேர்ந்து அழுவாள், பிறகு வேலை நடக்காது. இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. புழு கொடுத்த எலிகளின் குடலைத் திறந்து எத்தனை புழு ஒட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். இனி எண்ணி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. எல்லா எலியின் குடலும் பனிக்கட்டிமேல் தட்டுகளில் இருந்தது, பார்க்காமலே ஒரு தட்டை வெடுக்கென்று இழுத்தாள், ஒரு குடலை எடுத்தாள், கத்தரிக்கோலால் நீளவாக்கில் திறந்தாள். சிவப்புச் சுருள்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "இதுங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்று முனகிக்கொண்டே எண்ணத் தொடங்கியவள், தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள்.

முதல் கூட்டம் என்று போட்டிருந்தது. புழுவே கொடுக்காத கூட்டம்!

தட்டை மாற்றி எடுத்துவிட்டோமோ? சீட்டைத் திரும்பப் படித்தாள். அதே தட்டிலிருந்து இன்னொரு குடலைத் திறந்தாள். உள்ளே சிவப்புச் சுருள்கள். இன்னொன்றைத் திறந்தாள், அதிலும் இருந்தன! மூன்றாவது கூட்டத்தின் தட்டை இழுத்துத் திறந்தாள். அங்கேயும் இருந்தன! புழுக்காரி போட்ட கூச்சலில் நடைக்கூடத்தில் யாரோ டீ டம்ளரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

"என்னாச்சு அண்ணி? கையக் கிழிச்சுக்கிட்டீங்களா?" நாத்தனார் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாடி இங்க! இதப் பாரு! எல்லா வயித்துலயும் புழு! தூசி சாகலடி, தூசி சாகவே இல்ல! எல்லாத்துக்கும் புழு இருந்திருக்கு, அதான் ஒண்ணுக்கும் இழுப்பு வரல!"

நாத்தனார் குனிந்து பார்த்தாள். வாய் பிளந்தது. "நீங்க குடுக்கலையே. அப்புறம் இதுங்க எப்படிப் போச்சு?"

மெல்ல மெல்ல நாத்தனாரின் முகம் மாறியது.

"அண்ணி... மரச்சீவல்."

கூண்டுக்குள் எலிகள் படுக்க மரச்சீவல் பரப்பியிருப்பார்கள். எல்லா எலிக்கும் குடலில் ஒரே மாதிரி பாக்டீரியா இருந்தால்தான் சோதனை நியாயமாக இருக்கும் என்பது நாத்தனாரின் கொள்கை. அதனால் வாராவாரம் கூண்டு சுத்தம் செய்யும்போது, எல்லாக் கூண்டிலிருந்தும் பழைய மரச்சீவலில் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, ஒரு வாளியில் போட்டுக் கலந்து, எல்லாக் கூண்டுக்கும் திரும்பப் பங்கு போடுவாள். எலிகள் அதைக் கொறிக்கும், புழுக்கையைத் தின்னும், பாக்டீரியா எல்லா வயிற்றுக்கும் போய்ச்சேரும். பாக்டீரியாவையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வாளியில் புழு முட்டையும் ஊர்வலம் போகும் என்று தோன்றவே இல்லை.

"நான் கெடுத்துட்டேன் அண்ணி. உங்க சோதனைய நானே கெடுத்துட்டேன்."

"நீ மட்டுமா? எங்கிட்ட சொல்லிட்டுத்தானே செஞ்ச? நான் என்ன கிழிச்சேன்? சரின்னு தலைய ஆட்டினேனே!"

அதுதான் வேடிக்கை. புழு முட்டை பொரிவதற்கு அவள் படாத பாடு படுவாள். புழுக்கையைக் கரைத்து, ஈரமான வடிதாளில் பூசி, கண்ணாடித் தட்டில் வைத்து, காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பிள்ளைப்பேறு பார்ப்பதுபோல் பார்ப்பாள். ஒற்றைப் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிற அம்மாவுக்கு அது தானாகத் தெருவில் இறங்கி நடக்கும் என்று தோன்றுமா? தன் கை படாமல் ஒரு முட்டைகூடப் பொரியாது என்று அவள் முழுதாக நம்பியிருந்தாள்.

இருவரும் எலி அறைக்கு ஓடினார்கள். கூண்டுகளின் மேல் தண்ணீர்ப் புட்டிகள் கவிழ்ந்து தொங்கின. பாதிப் புட்டிகளின் மூக்கில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே மூலையில் மரச்சீவல் கதகதவென்று ஈரமாக, புழுக்கையோடு குழைந்து கிடந்தது. புழுக்காரி அதை விரலால் கிளறிப் பார்த்தாள். அவள் மெனக்கெட்டுத் தயாரிக்கிற கண்ணாடித் தட்டைவிட வசதியான இடம்.

"திருட்டுப் பயலுங்க" என்றாள். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "என்ன ராப்பகலா வேலை வாங்கிட்டு, இங்க மூலையில சொந்தமா ஊரே கட்டியிருக்கு!"

கையுறையைக்கூடக் கழற்றாமல் இருவரும் இயக்குநரின் அறைக்குப் போனார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சரி, எல்லா எலிக்கும் புழு இருக்கு. எல்லா எலியும் நல்லா இருக்கு. ஆனா தூசிக்கு வீரியம் இருக்குன்னு எத வெச்சுச் சொல்றீங்க? தூசியும் வாங்கி, புழுவும் இல்லாத ஒரு எலி வேணும். அதுக்கு இழுப்பு வந்தாத்தான் உங்க பேச்சு நிக்கும். அப்படி ஒரு எலி இருக்கா?"

கேள்வி நியாயமானது. வாளி எல்லாக் கூண்டுக்கும் போயிருக்கிறது. புழு இல்லாத எலிக்கு எங்கே போவது?

"ரவுடிங்க!" என்று கத்தினாள் நாத்தனார்.

"யாரு?"

"ரவுடிங்க சார்! மேல் தட்டுல இருக்கானுங்களே ஆறு பேரு!"

சோதனை ஆரம்பித்த நாளிலேயே ஆறு ஆண் எலிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறிக்கொண்டன. விலக்கப் போன நாத்தனாரின் கட்டைவிரலுக்கும் கடி. அவற்றைத் தனித்தனிக் கூண்டில் போட்டு மேல் தட்டில் ஏற்றி, ரவுடிகள் என்று பேர் வைத்துக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாள். கணக்கில் இல்லாததால் வாளியிலும் சேர்க்கவில்லை. ஆனால் கூட்டத்தில் ஏதாவது செத்தால் பதிலுக்கு வைக்க ஆகுமே என்று, மற்றவற்றுக்குத் தூசி கொடுத்தபோதெல்லாம் இவற்றுக்கும் கொடுத்துக்கொண்டே வந்திருந்தாள்.

மூவரும் எலி அறைக்கு விரைந்தார்கள். நாத்தனார் ஏணியில் ஏறி முதல் கூண்டை இறக்கினாள். உள்ளே ரவுடி மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விலா இரண்டும் உள்ளே இழுத்து இழுத்து விட்டது. அவள் கையை விட்டுத் தூக்கியபோது துணிமூட்டை மாதிரி வந்தான்.

"கடிக்கக்கூடத் தெம்பில்ல அண்ணி" என்றாள் நாத்தனார். அவள் கண் கலங்கிவிட்டது. "நான் இவன் அடங்கிட்டான்னுல்ல நெனச்சேன்."

மூச்சை அளக்க ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டி உண்டு. எலியை உள்ளே விட்டால், அது படுகிற சிரமம் திரையில் கோடாக ஓடும். நல்ல எலிக்குக் கோடு படுத்தே ஓடும். ரவுடியை உள்ளே விட்டதும் கோடு எகிறிக் குதித்தது. இரண்டாவது ரவுடிக்கும் எகிறியது. ஆறு பேருக்கும் எகிறியது!

இயக்குநர் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார். "தூசி சாகலதான்" என்றார், குரலே மாறிப்போயிருந்தது.

புழுக்காரி குதிக்கப் போனாள். நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க அண்ணி. வாளில புழு மட்டுமா போச்சு? பாக்டீரியாவும்தானே போச்சு? ரவுடிங்களுக்கு ரெண்டுமே போகல. மத்ததுங்களக் காப்பாத்துனது உங்க புழுவா, என் பாக்டீரியாவா?"

"நீ எந்தப் பக்கம்டி!"

"உங்க பக்கம்தான். நாளைக்கு எவனாவது இதையே கேட்டு உங்க மூஞ்சில அடிப்பான்ல? அதான் நானே கேட்டுட்டேன்."

கோபம் வந்தது புழுக்காரிக்கு. அடுத்த நொடியே கோபம் போய், மண்டைக்குள் விளக்கு எரிந்தது. ஃப்ரீசரில் ஒரு புட்டி இருக்கிறதே! எலியிலிருந்து எடுத்த புழுக்களைச் சத்துநீரில் உயிரோடு நீந்தவிட்டு, அவை கசியவிட்டதைச் சேர்த்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்துச் சேமித்த நீர். அதில் புழு இல்லை, பாக்டீரியாவும் இல்லை. புழு சொல்ல நினைத்த சேதி மட்டும்தான் இருக்கிறது. நல்ல நாளுக்காகப் பொத்தி வைத்திருந்தாள்.

"சார், மூணு ரவுடிக்கு மூக்குல இந்த நீர். மூணு ரவுடிக்குப் புழு நீந்தாத வெறும் சத்துநீர். தூசியும் தொடர்ந்து போகட்டும். திங்கக்கிழமை காலைல பெட்டில விட்டுப் பாருங்க. ஒண்ணும் இல்லன்னா சாவிய நானே எலும்புக்காரங்க கைல குடுத்துடுறேன்."

"எது எதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார் இயக்குநர். தானே இரண்டு நீரையும் குழாய்களில் ஊற்றினார். மூன்று குழாயில் சிவப்புப் பொட்டு ஒட்டினார், மூன்றில் மஞ்சள் பொட்டு. கூண்டுகளிலும் அப்படியே ஒட்டினார். "எங்கயும் எழுதி வெக்க மாட்டேன். எழுதினா நீங்க ரெண்டு பேரும் எப்படியாவது மோப்பம் புடிச்சிடுவீங்க. என் மண்டைக்குள்ள பத்திரமா இருக்கும்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

அன்று மாலையே முதல் சொட்டு. சனிக்கிழமை லீவு நாளில் இருவரும் வேலைக்குக் கிளம்பியதைக் கண்டு கணவர், "ரவுடிகளப் பாக்கப் போறோம்னு வாசல்ல நின்னு கத்தாதீங்க, பக்கத்து வீட்டுல என்ன நெனப்பாங்க?" என்றார். சனிக்கிழமை எந்த மாற்றமும் இல்லை. ஆறு பேரும் கூனிக்கொண்டு கிடந்தார்கள். புழுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல், மூன்றாவது தடவை. நாத்தனார் சிவப்புப் பொட்டுக் கூண்டுக்குள் கையை விட்டாள். "ஆ!" என்று அலறிக்கொண்டு கையை இழுத்தாள். கையுறையில் ஓட்டை, விரலில் ஒரு சொட்டு ரத்தம். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"கடிச்சிட்டான் அண்ணி! கடிச்சிட்டான்!"

"இரு இரு, அடுத்தவனப் பாரு!"

அடுத்த சிவப்புக்காரன் கூண்டின் கம்பியில் தொங்கிக்கொண்டு சீறினான். மூன்றாவது சிவப்புக்காரன் துரத்தித் துரத்திக் கடிக்க வந்தான். மஞ்சள் கூண்டுகளில் மூவரும் அப்படியே கூனிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் எடுத்தால் மூட்டை மாதிரி வந்தார்கள்.

விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டே நாத்தனார் சட்டென்று அடங்கினாள். "அண்ணி, சிவப்பு எது?"

அப்போதுதான் புழுக்காரிக்கும் உறைத்தது. சிவப்பு வெறும் சத்துநீராக இருந்துவிட்டால்? புழு நீர் வாங்கியவை கிடந்து இழுக்கின்றன, வெறும் நீர் வாங்கியவை துள்ளுகின்றன என்றல்லவா ஆகிவிடும்? அவள் சொன்னதெல்லாம் பொய்யென்று அவளுடைய கையாலேயே நிரூபித்ததாகும். அன்று மீதிப் பொழுது எப்படிக் கழிந்தது என்று அவளுக்கே தெரியாது. கணவர் பேசியது காதில் விழவில்லை, சமைத்ததில் உப்புப் போட்டாளா என்றும் நினைவில்லை. அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டு, "இப்ப வேணா புழுவப் பத்திப் பேசேன்" என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

திங்கட்கிழமை காலை எலி அறை வாசலில் எலும்புக்காரர்கள் தள்ளுவண்டியோடு தயாராக நின்றார்கள். இயக்குநர் அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். மஞ்சள் ரவுடி ஒருவனைப் பெட்டியில் விட்டார்கள், கோடு எகிறியது. இன்னொரு மஞ்சள் ரவுடிக்கும் எகிறியது. மூன்றாமவனுக்கும் அப்படியே. சிவப்பு ரவுடியை விட்டார்கள். கோடு படுத்துக்கொண்டது. மூன்று சிவப்புக்கும் அப்படியே படுத்து ஓடியது.

"சார், சிவப்பு எது?" என்றாள் புழுக்காரி.

இயக்குநர் வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியைத் தடவினார். "சிவப்பு... சிவப்புதான் புழு நீர்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

"வெள்ளிக்கிழமை நல்லா ஞாபகம் இருந்துச்சும்மா. சிவப்புன்னா நிறுத்தணும்னு ஒரு கணக்குப் போட்டேன். எத நிறுத்தணும்னு..." மனுஷர் வியர்த்துவிட்டார். "நடுவுல ரெண்டு நாள் போயிடுச்சே!"

"மண்டைக்குள்ள பத்திரமா இருக்கும்னீங்களே சார்!" நாத்தனார் அழாத குறை.

புழுக்காரி அதற்குள் மேசைக்குப் பாய்ந்திருந்தாள். குழாய்களில் அடிமட்டத்தில் கொஞ்சம் நீர் மிச்சம் இருந்தது. புழு கசியவிட்டதில் புரதம் இருக்கும். வெறும் சத்துநீரில் புரதம் கிடையாது. புரதம் பட்டால் பழுப்பிலிருந்து நீலமாகிற சாயம் அலமாரியில் இருந்தது, எந்த ஆய்வகத்திலும் இருக்கும். அவள் வெள்ளைத் தட்டில் இரண்டு குழிகளில் சாயத்தை ஊற்றினாள். மஞ்சள் பொட்டுக் குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்தாள். நாத்தனார் பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். சொட்டு விழுந்தது. பழுப்பு பழுப்பாகவே இருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், எலும்புக்காரர்கள்கூட வண்டியை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அது மாறவே இல்லை.

அடுத்தது சிவப்பு. சொட்டு விழுந்த இடத்தில் மையைக் கொட்டினாற்போல் நீலம் குப்பென்று பரவியது.

முதலில் கத்தியது புழுக்காரி இல்லை. "அண்ணி! நீலம்! நான் தோத்துட்டேன் அண்ணி, நான் தோத்துட்டேன்!" என்று நாத்தனார் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். தோற்றவள் இப்படிக் கொண்டாடி யாரும் பார்த்திருக்க முடியாது. புழுக்காரி சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று சொல்ல முடியவில்லை. அத்தனை வருஷமும் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் கரைந்து வெளியே வந்தது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "ஆறு எலிய வெச்சு உலகத்துக்கு எதையும் சொல்லிட முடியாதும்மா. மறுபடி செய்யணும், நெறைய எலிய வெச்சு, வாளி இல்லாம, ஒழுகாத புட்டியோட."

"செய்வோம் சார். எங்க செய்யறது?"

அவர் வாசலில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். "வண்டிய எடுத்துட்டுப் போங்கப்பா. உங்களுக்கு வேற எடம் பாக்கலாம்" என்றார். பிறகு ஒரு சிவப்பு ரவுடியைச் செல்லமாகத் தட்டிக்கொடுக்கக் கூண்டுக்குள் விரலை நீட்டி, சரியான கடி வாங்கிக்கொண்டு அலறினார்.

கூட்டம் கலைந்தது. புழுக்காரி முகத்தைக் கழுவிவிட்டு வந்து கண்ணாடித் தட்டை எடுத்தாள், வடிதாளைப் பதமாக நனைத்தாள், எப்போதும் போலப் புழுக்கைக் கரைசலைப் பூச ஆரம்பித்தாள். நாத்தனார் பக்கத்தில் வந்து சாய்ந்து நின்றாள்.

"அதான் நீங்க இல்லாமயே மூலைல பொறந்து வளருதே அண்ணி. இன்னும் எதுக்கு இந்தத் தாலாட்டு?"

"இருக்கட்டும்டி" என்றாள் புழுக்காரி. "அதுக்கு நான் தேவையில்லதான். எனக்கு அது தேவை."

ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, மூடியை மெல்ல வைத்தாள்.